செலக்டரின் மழைக்கால அணி

கண்டியில் மட்டையைக் கையால் தொடாமலே கிரிக்கெட் அணிகளை ஆட்டிவைத்த ஒரே மனிதர் எங்கள் செலக்டர்தான். பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை. கலஹா, ஹேவாஹெட்ட பஸ்களை விசில் ஊதி அனுப்பிவைப்பார். அவருடைய உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், அந்தப் பெயரில் ஒருவரை நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் கட்டுகலையில் ஒரு போடிங்கில், அதாவது வாடகை விடுதியில், செலக்டரையும் சேர்த்து நாங்கள் ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தோம். எங்களுக்கு ஒரு மென்பந்து அணி இருந்தது. தைப்பொங்கல் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கலஹா, ஹேவாஹெட்ட, மடுல்கெல்ல என்று தேயிலைத் தோட்டத்து அணிகளோடு ஆடுவோம். சித்திரை வருடப்பிறப்போடு ஆட்டம் முடிந்துவிடும். நான் விக்கெட் காப்பாளன். அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை.

செலக்டரின் விசேஷம், ஆட்டம் நடக்கும் காலத்தில் அவர் மைதானப் பக்கமே வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. நாங்கள் புறப்படும்போது போர்வைக்குள்ளிருந்து, "போயிட்டு வாங்க. ஆளத் தெரிவு செஞ்சதோட என் வேல முடிஞ்சிச்சு. இனி நடக்கிறது வெறும் ஆட்டம்தானே" என்பார். அவருக்குக் கிரிக்கெட் தொடங்குவது ஆட்டம் முடிந்து மழை பிடித்த பிறகுதான். சாயங்காலம் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, முன்கூடத்துக் கதிரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தால் விவாதம் ஆரம்பம். யாரைக் கொடுத்து யாரை எடுப்பது? எடுத்தவனுக்கு என்ன கொடுப்பது?

கொடுப்பது என்றால் சம்பளம் அல்ல, சோற்றுப் பார்சல். எங்கள் அணியில் பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஒருவனுடைய மதிப்பு. தொடக்க ஆட்டக்காரருக்கு முட்டை, பந்து வீசுபவருக்கு மீன், மற்றவர்களுக்குப் பருப்பும் நல்வாழ்த்தும். தையல்கடையில் வேலை செய்த ரவிதான் எங்களில் நன்றாக அடிப்பவன். அந்த வருடம் அவன், வரும் பருவத்தில் தனக்கு முட்டையும் மீனும் சேர்த்து வேண்டும் என்று சொல்லிவிட்டான். போடிங் இரண்டாகப் பிரிந்தது.

"ரவிக்கு ரெண்டும் வச்சா கடைசி மூணு பேருக்கு வெறும் சோறுதான். வெறும் சோத்த தின்னுட்டு எவன் கேட்ச் புடிப்பான்?" என்றார் செலக்டர். "ரவிய ஹேவாஹெட்டைக்குக் குடுத்துட்டு அவங்க மகேந்திரன எடுப்போம். வேகப்பந்து. மீனோட நின்னுக்குவான்."

எதிர்க்கட்சி நடராசா அண்ணர். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். பத்திரிகையை இறக்காமலே பேசுவார்.

"அப்ப ஆர் ஓட்டம் எடுக்கிறது? நீரோ?"

"ஓட்டம் தானா வரும் அண்ணே."

"ஓம், கலஹா பஸ் மாதிரி. வந்தா வரும்."

இப்படியே மாதக்கணக்கில் போகும். ஒரு நாள் மடுல்கெல்லைக்கு மூன்று பேரைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய அம்பயரை எடுக்கலாம் என்றார் செலக்டர். "நல்ல மனுசன். கேட்டாக் கை தூக்குறாரு." இன்னொரு நாள் கலஹா அணி முழுவதையும் எடுத்துக்கொண்டு எங்கள் அணி முழுவதையும் கொடுத்துவிட்டார். பிறகு நாங்கள் எந்தப் பெயரில் ஆடுவது என்று விவாதம் போய், சோறு ஆறிவிட்டது. போடிங்கில் நடப்பது எல்லாம் வெறும் பேச்சு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பகலில் பஸ் நிலையத்திலும் இதையே பேசினார். அங்கே ஹேவாஹெட்ட பஸ் கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்டக்டர் எதையும் சும்மா கேட்கிறவர் அல்ல.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெடுநெடுவென்று ஓர் இளைஞன் தலையில் தகரப்பெட்டியோடு போடிங் வாசலில் வந்து நின்றான்.

"செலக்டர் அண்ணன் இருக்காருங்களா? நான்தான் மகேந்திரன். எடுத்துட்டீங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. வந்துட்டேன்."

செலக்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

"ஃபெக்டரி வேலையயும் விட்டுட்டேங்க. டவுன்ல வேலையும் போட்டுக் குடுப்பீங்களாமே. ஆத்தாவுக்கு ரொம்ப சந்தோசம். கோழி அடிச்சு சோறு போட்டுத்தான் அனுப்பிச்சு."

செலக்டர் வாயைக் கொப்பளிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ரவி வந்து சேர்ந்தான், தைத்து முடித்த காற்சட்டை ஒன்றைக் கொடுப்பதற்கு. மகேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்து மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

"நீங்கதானே ரவி அண்ணன்? எங்க தோட்டத்துக்கு வரப்போறவரு. யோசிக்காதீங்க, எங்க லயத்து வீடுகள்ல தண்ணி நல்லா வரும்."

ரவிக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் காற்சட்டையைக் கதிரையில் வைத்தான். உள்ளேயிருந்து வந்த செலக்டரிடம் குரல் உயர்த்தாமல் கேட்டான்:

"ஒரு துண்டு மீன் கூடக் கேட்டதுக்கா அண்ணே, ஊர விட்டே அனுப்புறீங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.  நடராசா அண்ணர் முதல் தடவையாகப் பத்திரிகையை இறக்கிவைத்தார். "விளையாட்டு வினையாப் போச்சுது" என்றுகூடச் சொல்லவில்லை. "பொடியனுக்கு முதலிலை தேத்தண்ணி குடுங்கோ" என்றார்.

மறுநாளே செலக்டர் லீவு போட்டுவிட்டு மகேந்திரனோடு ஹேவாஹெட்டைக்குப் போனார். ஃபெக்டரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். திரும்பிய பிறகு, டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். துணைக்கு நானும் போனேன். வேலை கேட்கும் விதம் அவருக்கு வரவில்லை.

"வலது கை. நல்ல வேகம். கொஞ்சம் வைட் போகும், அத சரி பண்ணிக்கலாம்" என்று ஒரு புடைவைக்கடை முதலாளியிடம் சொன்னார். முதலாளி மகேந்திரனின் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். பாத்திரக்கடையில் வேகத்தைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் பீங்கான்களைப் பார்த்தார்கள். நாங்களே வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள், சந்தைப் பக்கம் மரக்கறி மொத்தக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், எல்லாருக்கும் அவர் நானா, கேட்டார்: "மூட்டை தூக்குவாரா?"

"தூக்குவான்."

"அப்ப வேல ஈக்கிது. தங்க இடமும் மேல ஈக்கிது. ஆனா ஞாயித்துக்கெழம லீவு கேக்கப்படாது. அண்டைக்குத்தான் எனக்கு யாவாரம்."

ஆட்டம் இருப்பதே ஞாயிற்றுக்கிழமை. ஒரு மழைக்காலம் முழுவதும் பேசிப் பேசி எடுத்த பந்துவீச்சாளனுக்கு, ஒரு பந்துகூட வீச முடியாத வேலை. செலக்டர் ஏதாவது பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகேந்திரனைப் பார்த்தார். அவன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி நானா. இன்னிக்கே நிப்பான்" என்றார்.

அங்கிருந்து நேரே தையல்கடைக்குப் போனார். ரவி மெஷினை நிறுத்தவில்லை. செலக்டர் வாசல்படியில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னார்: "மழை நேரம் எனக்குப் பேச ஏதாச்சும் வேணும் தம்பி. பேருகள வச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். பேருக்குப் பின்னால ஆளு இருக்குன்னு யோசிக்கல்ல."

மெஷின் ஒரு முழுக் காற்சட்டைக் காலுக்கு ஓடியது. பிறகு ரவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "மகேந்திரனுக்கு வேல கெடச்சிச்சா?" என்று கேட்டான். கிடைத்தது என்றதும், "அப்ப எந்திரிங்க. கஸ்டமர் வர்ற வழி" என்றான். அவன் சமாதானம் ஆகிவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

பொங்கல் கழிந்தது. முதல் ஆட்டம் கலஹாவில். ரவி தொடக்க ஆட்டக்காரன்; முட்டை மட்டும் போதும் என்று அவனே சொல்லியிருந்தான். நாங்கள் துடுப்பெடுத்தாடி முடித்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து மகேந்திரன் குதித்து, மைதானத்தை நோக்கி ஓடிவந்தான். சட்டையெல்லாம் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை.

"நானா விட்டாரா?" என்றேன்.

"ஒரு ஆள் போனா ஒரு ஆள் வரணும்னாரு. செலக்டர் அண்ணன் எனக்குப் பதிலா நிக்கிறாரு."

மகேந்திரன் வீசினான். வேகம் உண்மைதான், வைட் போனதும் உண்மைதான். அவனுடைய பந்துகளில் பாதியைப் பிடிக்க நான் எல்லைக்கோடுவரை ஓடினேன். மற்றப் பாதி அவர்களுடைய விக்கெட்டுகளைச் சாய்த்தது. ஆனாலும் தோற்றுவிட்டோம்.

சாயங்காலம் கண்டிக்குத் திரும்பியதும் நான் நேரே மரக்கறிக் கடைக்குப் போனேன். செலக்டர் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒரு கை இடுப்பில். நானா என்னைத் தனியே கூப்பிட்டு, "இவர் ஒரு மூட்டையும் ஒழுங்காத் தூக்கல்ல. கெழங்கக் கொண்டுபோய் தக்காளி மேல வச்சிட்டார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாறன் எண்டு சொல்றார். நல்ல மனுசன், எப்பிடி வேணாம் எண்டு சொல்ற?" என்றார்.

அந்தப் பருவத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் செலக்டர் அங்கேதான் நின்றார். அந்த முதல் ஞாயிறன்று அவர் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பொடியன் சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டான், ரவி தன் முட்டையில் பாதியைக் கொடுத்தான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கட்டு லீக்ஸை எடுத்து, வைக்கக்கூடாத இடத்தில் வைத்தார்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கடை சாத்தும்வரை அவரோடு சேர்ந்து மரக்கறிகளை உள்ளே எடுத்துவைத்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.