கமா சொன்ன ஒரே பொய்

தன் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயருக்குப் பின்னால் ஒரு கமா அதிகம் விழுந்துவிட்டது என்று மொத்தக் கட்டையும் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிய மனிதர், எனக்குத் தெரிந்து கடலூர் மாவட்டத்தில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் கமாதான்.

கடலூர் முதுநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நானும் கமாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் செல்போன் ஆப் எழுதுகிறவன். அவர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவார். என் ஆப் கேள்வி கேட்கும், அவருடைய சர்வர் பதில் அனுப்பும். அந்தப் பதில் ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும். பெயர் என்றால் அதற்கு நேரே பெயர், ஊர் என்றால் அதற்கு நேரே ஊர், நடுவில் கமா. கடைசி வரிக்குப் பிறகு ஒரு கமா தப்பித் தவறி ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், மொத்தப் படிவமும் செல்லாது. அதைக் கமா திரையைப் பார்க்காமலே மோப்பம் பிடித்துவிடுவார் என்று ஆபீஸில் பேச்சு. நான் பாதி நம்பினேன்.

இந்த ஒழுங்கு அவருக்கு வாயிலும் வந்துவிட்டது. ஒருமுறை சிதம்பரத்தில் டிபன் சாப்பிடப் போனோம். சர்வரிடம் (இது தட்டு கொண்டுவருகிற சர்வர்) நிதானமாகச் சொன்னார்: "வகை, தோசை. எண்ணிக்கை, ரெண்டு. வெங்காயம், வேணாம். சட்னி, தனியா."

அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாவு, தீந்துபோச்சு. கடை, சாத்தப்போறோம்" என்றார்.

கமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா மச்சான், என்னா அழகா பதில் சொல்றாரு!" என்று பசியோடு வெளியே வந்தார். நான் வெறும் பசியோடு மட்டும் வந்தேன்.

எங்களுக்குள் பெரிய சண்டை படகு ஆப்பில் வந்தது. கடலுக்குப் போன படகுகளில் எது இன்னும் திரும்பவில்லை என்று படகுச் சங்கத்துக்குப் போனில் காட்ட வேண்டும். பட்டியல் காலியானால், 'எல்லாரும் கரை திரும்பிவிட்டனர்' என்று திரை பச்சையாக மாறும். அந்தப் பச்சையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"மச்சான், பட்டியல் காலியா வந்தா யாரும் கடல்ல இல்லனு அர்த்தம். சர்வருக்கே தெரியலன்னா நான் 'தெரியாது'னு அனுப்புவேன். அதுக்கு நீ வேற திரை காட்டணும்" என்றார் கமா.

"ரெண்டுலயும் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான்யா" என்றேன்.

அவர் மூன்று நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் மாற்றவில்லை. ஆப் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் காலையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். அதற்குள் பல படகுகள் கடலுக்குப் போயிருந்தன. மத்தியானம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "தம்பி, எல்லாரும் வந்துட்டாங்கனு பச்சை காட்டுது. ரொம்ப சந்தோஷம். கரையில காத்துக்கிட்டிருக்கிற ஜனங்கள வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். கமா மட்டும் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், படகுக் கணக்கு இருக்கிற நம்ம டேட்டாபேஸ் அரை மணி நேரமா படுத்துக் கெடக்கு. நான் 'தெரியாது'னுதான் அனுப்பிக்கிட்டிருக்கேன். அவருக்கு எங்கேருந்து பச்சை வந்துச்சு?"

அந்தத் 'தெரியாது'வையும் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு என் ஆப்தான் பச்சை காட்டியிருக்கிறது. திரும்பத் திரும்பப் போன் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பறந்தோம்.

பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. கமா ஒரு ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றார். "யாரும் போகாதீங்க! போன்ல வந்தது தப்பு! படகு பேரு, ஓட்டுறவரு பேரு, வந்தாச்சா இல்லியா, ஒண்ணொண்ணா சொல்லுங்க!"

வந்திருப்பது யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து எல்லாரும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் பேப்பரில் எழுதினேன். கடைசியில் ஒரு பெண் தயங்கி முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலீங்க. போன்ல வந்துட்டாங்கனு சொன்னாங்களே, வேற எங்கனா கரையேறியிருப்பாருனு நெனச்சிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டேன்."

செயலாளர் வயர்லெஸ்ஸை எடுத்தார். நாலைந்து முறை கூப்பிட்ட பிறகு குரல் வந்தது. இன்ஜின் நின்றுபோய், கரைக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தப் படகு அலையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. உடனே இரண்டு படகுகள் கிளம்பிப் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தன. அதிலிருந்த மூன்று பேரும் நனைந்த கோழிகளாக இறங்கினார்கள். அந்தப் பெண் கணவனைத் திட்டிய திட்டில் அங்கே ஒருத்தருக்கும் குளிரவில்லை.

அப்புறம் செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தப் பச்சை யாரு வேலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் கமா முன்னால் வந்து நின்றார். "நான்தாங்க. சர்வர்ல தப்பு. காலியா அனுப்பிட்டேன்."

பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொள்வதற்குள் வண்டியைக் கிளப்பினேன். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னே?"

"நாளைக்கு அந்தத் திரைய நீதான மாத்தணும்? திட்டு வாங்குன கையில வேல ஓடாது. எனக்குப் பழக்கம்."

அவர் பின்னால் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார். கடல்காற்றில் ஒன்றுமே காதில் விழவில்லை. ஆனாலும் ரயிலடி வரைக்கும், "ஆமா மச்சான், ஆமா மச்சான்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.