பதம் பார்ப்பது சாப்பாட்டில் சேராது

ராஜபாளையத்து பேண்டேஜ் துணி ஆலையில் மேஸ்திரியோடு எனக்கு ஒத்துவரவில்லை; வேலையை விட்டுவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் பாஸ்பரஸ் அண்ணாச்சியைப் பார்த்தேன். பால்கோவாவைக் கண்டு நடுங்கிய பால்கோவா மாஸ்டர் இந்த உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

பஸ் நிறுத்தக் கம்பத்தில் மாடு மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டார்.

"ஏலே, செத்த சொறிஞ்சு விடு. பாஸ்பரஸ் கூடிப்போச்சு, அரிப்பு தாங்கல."

சொறிந்துவிட்டேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

கிட்னி இரண்டும் போய், டயாலிசிஸுக்கு ராஜபாளையம் வந்து போகிறவர். அங்கே கேட்டதை அகப்பட்டவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்திருக்கிறது.

"ஒன் எலும்புலயும் பல்லுலயும் இருக்கது அதுதாம்லே. பை தூக்கி நடக்கியே, அந்தத் தெம்புக்கும் அது வேணும். கூடுனா ஒன் கிட்னி வெளிய தள்ளிரும். எனக்குத் தள்ளாது. ரத்தத்துலயே நின்னு எலும்பு பலத்த உருவிரும்."

பாலில் அது அதிகம். அதனால் பால்கோவா கூடாது. சாப்பிடவில்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருக்கிறார். ஆனாலும் அன்றைக்கும் ரத்தப் பரிசோதனையில் கூடியிருந்தது. "இன்னொரு தடவ கூடுச்சுன்னா அடுப்புப் பக்கம் வராதேயும். சாகுறதுக்கு என் கடைதான் கிடைச்சுதா?" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கடை முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அந்த முகத்தில் விழிக்கப் பயந்துதான் பஸ் ஏறாமல் நின்றார்.

"நெசமாவே திங்கலயா அண்ணாச்சி?"

"ஒரு துண்டு தின்னதில்ல."

"அப்ப பதம் எப்படிப் பாப்பிய?"

"நாக்குல வச்சுத்தான்."

"எம்புட்டு?"

"சட்டிக்கு ஒரு உருண்டை."

"ஒரு நாளைக்கு எத்தனை சட்டி?"

சொறிந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. "அது வேலைலே. சாப்பாட்டுல எப்படிச் சேரும்?"

சொல்லிவிட்டு விரல்விட்டுச் சட்டிகளை எண்ணினார்; இரண்டு கையும் போதவில்லை. இன்னொரு பஸ்ஸும் போனது.

"ஒனக்குக் கிட்னி நல்லா இருக்கா?"

"இருக்குன்னுதான் நெனைக்கேன்."

"நாக்கு?"

"கிடைச்சதத் தின்ன நாக்கு."

"போதும். இந்தா பஸ் வருது, ஏறு."

கடையில் முதலாளியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "இனிமே எனக்கு நாக்கு இவன்தான்" என்று என்னை முன்னால் தள்ளினார். முதலாளி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். கிண்டுவது அவர், ருசி பார்ப்பது நான். முதல் சட்டி திரண்டதும் உருண்டையை வாயில் போட்டேன். அவர் கை கரண்டியோடு சுற்றியது. கண் என் தாடையை விட்டு நகரவில்லை.

"எப்படிலே இருக்கு?"

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவருக்கும் சேர்த்து மெதுவாக மென்றேன்.