சிங்கமுகக் குழாய்ப் பாதுகாப்புக் குழு

உலகத்தில் தண்ணீர் தரும் குழாய்கள் கோடி உண்டு. தண்ணீரிடமிருந்தே பாதுகாக்கப்பட்ட குழாய் ஒன்றே ஒன்றுதான். அது காரோடு ஊர்ப் பக்கம் எங்கள் முக்கில் நிற்கிறது. என் செல்லங்களே, கையைக் கூப்பிக்கொண்டு கேளுங்கள்.

ராஜா காலத்தில் நகரத்துக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் வந்தபோது வார்த்த சிங்கமுகக் குழாய் அது. நகரம் புதுசுக்கு மாறியதும் பழசு எங்களுக்கு வந்தது. நல்லவை எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் வரும். மேட்டு வீட்டுக் குழாய்களில் வெறும் காற்று வருகிற கோடையிலும், பள்ளத்தில் நின்ற சிங்கம் ஊருக்கே வாய் நிறையத் தண்ணீர் கொடுத்தது. இத்தனை காலமும் அதற்கு ஒரு மரியாதை செய்ய ஆளில்லை. அந்தக் குறை தீர, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசிகாமணி தலைமையில் ஒரு 'பாரம்பரியக் குழு' பிறந்தது.

முதல் கூட்டத்திலேயே குழு ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது. இரும்புக்குத் தண்ணீர் ஆகாது!

"சிங்கத்துக்குப் பல்லெல்லாம் துரு. இப்படி ராப்பகலா தண்ணி போனா சிங்கம் மிஞ்சுமா?" என்றார் ஞானசிகாமணி.

"அப்போ தண்ணிய நிறுத்திருவோம் சாரே" என்றான் செயலாளர் ரதீஷ்.

கைதட்டல். தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. சாயா ஆறுவதற்குள் சாலையோர வால்வும் அடைபட்டது. அந்தச் சாயாவும் சிங்கத்தின் தண்ணீரில் போட்டதுதான்.

இதில் எங்கள் முக்கு விலாசினிக்கு ஒரு சிறு சங்கடம். தங்கை லேகாவின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டு கெட்டு, பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கு. இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டிச் சொந்தபந்தத்துக்கு இலை போட வேண்டும். வீட்டுக் கிணற்றிலோ உப்புத் தண்ணீர்.

"எலே ரதீஷே, பாயசத்துல உப்புத் தண்ணியவா ஊத்தச் சொல்லுக?"

"அக்கா, நீங்க ஒரு நாள் விருந்தப் பாக்குதிய. நாங்க நூறு வருசத்தப் பாக்கோம்."

"அந்த நூறு வருசமும் நாங்க குடிச்சோமே, சிங்கம் செத்தா போச்சு?"

இத்தகைய கேள்விகளைக் குழு பதிவு செய்வதில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் சிங்கத்துக்குக் குழு எடுத்த விழா. நகரத்தின் குடிநீர் வரலாற்றை ஆராய்ந்த முனைவர் ஜெயச்சந்திரன் வந்தார். "ஒரு காலத்தில் ஊருக்கே நீர் வார்த்த குழாய் இது" என்று ஞானசிகாமணி தழுதழுத்தார். முனைவர் திருகும்போது படத்தில் தண்ணீர் விழ வேண்டாமா? அதற்காக வால்வைக் கொஞ்ச நேரம் திறந்துவிடக் குழு பெருந்தன்மையோடு அனுமதித்தது.

முனைவர் திருகினார். சிங்கம் இருமியது, கனைத்தது, கொட்டியது. கேமராக்கள் மின்னின. உடனே வால்வை அடைக்க ஓடிய ரதீஷ் பாதியில் நின்றான். வால்வுக் குழியின் மூடிமேல் விலாசினி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழும்புங்க அக்கா!"

"காலு வலிக்கு மக்கா. வேணும்னா தூக்கி மாத்து. போட்டோக்காரங்க சும்மாதானே நிக்காவ?"

அதற்குள் லேகா வீட்டுச் சொந்தங்கள் குடமும் சருவப் பானையுமாகச் சிங்கத்தின் முன் வரிசையாக நின்றுவிட்டார்கள். முனைவருக்குக் கண் கலங்கியது.

"பாரம்பரியத்தின் மேல் இந்த ஜனங்களுக்கு என்ன பாசம்!"

ஞானசிகாமணி அடக்கமாகத் தலை குனிந்தார். வரலாற்றை மக்கள் வாயிலிருந்தே கேட்டுவிடும் ஆவலில், முனைவர் மூடிமேல் இருந்தவளிடம் குனிந்தார்.

"அம்மா, இந்தக் குழாயில தண்ணி எந்தக் காலத்துல நின்னு போச்சு?"

விலாசினி கடைசிச் சருவமும் நிறைவதைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"போன செவ்வாய்க்கிழமையாக்கும் சாரே. இந்தக் கமிட்டி கூடுனதுக்குப் பொறவு."