ஊதினால் நகர வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதும் கடிதம். இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே அத்தானின் இருமலும் உன் கோபமும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

பதினேழாம் தேதி வருகிறாய் என்ற கடிதம் கிடைத்தது. பத்து நாள் தங்குவது பற்றி ஒரு வரி, அத்தானுக்கு உப்பைக் குறைக்க வேண்டியது பற்றி ஒரு வரி, மீதி ஒன்றரைப் பக்கமும் அந்த ரெக்கார்டைப் பற்றி. "இந்தத் தடவை போட்டுக் கேட்டே ஆகணும், அது யார் குரல்னு எனக்கு உயிர் இருக்கறப்பவே தெரியணும்" என்று எழுதி, கீழே அடிக்கோடு வேறு. அடிக்கோட்டுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விவகாரம் உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி, தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தி ஓய்ந்த ஆய்வாளனுக்கு எதையும் ஆதியிலிருந்து எழுதினால்தான் பேனா ஓடும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாம் இருவரும் உட்படப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து பாடிய பாட்டை ரெக்கார்டு ஆக்கினார்கள். எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்து. இரண்டாவது அடி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் முந்திக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடியது. கூட யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் பாதியில் நின்றது. பாட்டு டீச்சர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இந்த அவசரம் யாருக்குடா இருக்கும்?" என்றார். மணி அடிப்பதற்கு முன்பே பையைத் தோளில் மாட்டுகிறவள் நம் பள்ளியில் ஒருத்திதான். பதினொரு பேரும் உன்னைப் பார்த்தோம். அன்றைக்கே உன்னைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை முதல் வரிசைக்குக் கொண்டு வந்தார்கள். அது என் திறமைக்காக, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படி ஓடிய குரல் உன்னுடையதுதான் என்பது என் முதல் குற்றச்சாட்டு. குரல் நின்ற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது நீ ஆத்திரத்தில் ஹேர்பின்னால் போட்ட கீறல் என்பது இரண்டாவது. இரண்டையும் நீ மறுத்தாய். நாம் போட்ட சண்டையில் அம்மா அந்தத் தட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நீயும் அதற்குப் பிறகு வாயைத் திறந்து பாடவே இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட வாய்பாடுதான் சொன்னாய். என் மருமகன் இன்றைக்கும் பதினாறாம் வாய்பாட்டைக் கேட்டால் கொட்டாவி விடுகிறான்.

அந்த மருமகன் போன மாதம் வீடு மாறும்போது, "மாமா, இதை நீங்களே வெச்சுக்கோங்க" என்று ரெக்கார்டு போட்டுக் கேட்கிற ஒரு டர்ன்டேபிளைக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பொருள். தட்டு வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஆனால் சோதனைக்கு என்ன ரெக்கார்டு போட்டாலும் ஊசி துள்ளியது. துள்ளினால் என்ன செய்ய வேண்டும், பாரம் ஏற்ற வேண்டும். என் பழைய பெட்டியிலிருந்து முத்திரை குத்திய இருபது கிராம் கல்லை எடுத்து ஊசித் தலையில் வைத்தேன். 'மடக்' என்றது. டோன் ஆர்ம் என்று சொல்கிறார்களே, ஊசியைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் நகருகிற அந்தக் கை, அது மூட்டோடு சாய்ந்துவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "கல்லு சரியான எடையா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருமுனை ரேடியோ மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"சார், புதுக் கை வாங்கினீங்கன்னா மெஷினை விடக் கை விலை ஜாஸ்தி. பழசா ஒண்ணு தேடுங்க. பாக்க வேண்டியது ரெண்டே விஷயம். ஊதினா நகரணும். ஆட்டினா ஆடக் கூடாது. பின்னாடி எடைக்குண்டு இருக்கணும். நீளம் பொருந்தணும்."

"ரெண்டுன்னு சொல்லிட்டு நாலு சொல்றியேப்பா?"

"பழைய சாமான்னாலே அப்படித்தான் சார்."

பிறகு அவன் அந்த எடைக்குண்டைத் திருகிக் காட்டினான். முன்னே திருகினால் ஊசி தட்டை அழுத்துகிற பாரம் கூடுகிறது, பின்னே திருகினால் குறைகிறது. நடுவில் மூட்டு, ஒரு பக்கம் ஊசி, மறு பக்கம் குண்டு. அக்கா, அது தராசு! ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து என் வீட்டுக்கே ஒரு தராசு வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் அதன் தலையில் கல்லை வைத்து உடைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்கக் கையில் பணம்? புதுக் கண்ணாடி போடுவதற்கு எடுத்து வைத்திருந்ததுதான். "கண்ணாடிக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லிவிட்டாள். ஆக, கீறல் விழுந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடிப் பணத்தில், பொடி எழுத்து அச்சடித்த பழைய சாமானைத் தேடி அலைந்தேன்.

முதல் கை ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது. பாம்பு மாதிரி வளைந்து, பளபளவென்று, பார்க்க அவ்வளவு லட்சணம். குனிந்து ஊதினேன், நகர்ந்தது. ஆட்டினேன், ஆடவில்லை. பின்னால் பார்த்தால் எடைக்குண்டைக் காணோம். கேட்டதற்கு அந்த மனிதர், "வெயிட்டுதானே சார், ஏதாவது நட்டு போல்ட்டு மாட்டிக்கோங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் பார். எடை என்பது 'ஏதாவது' இல்லை என்று தொடங்கி அரை மணி நேரம் விளக்கினேன். மனசு படபடத்தால் எனக்கு விக்கல் வந்துவிடும் என்பது நீ சின்ன வயதிலிருந்து கேலி செய்து அலுத்த விஷயம். ஒன்றே ஒன்றுதான் வரும், ஆனால் கதவு தட்டுகிற மாதிரி வரும். அங்கேயும் வந்தது. அவர் பயந்துபோய் நாற்காலி போட்டார். வீட்டில் என்றால் கவலையில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் உன் தம்பி பெண்டாட்டி அந்தச் சத்தம் கேட்டால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பாள், என்ன ஏது என்று கேட்பதுகூட இல்லை.

இரண்டாவது கை ஒரு பல் டாக்டருடையது. எடைக்குண்டு இருந்தது, மூட்டு வெண்ணெய் மாதிரி. "வீட்டுல வெச்சுப் பாத்துட்டு வாங்க, பிடிச்சா பணம் குடுங்க" என்று பெருந்தன்மையாகக் கொடுத்தார். கொண்டு வந்து வைத்தால் அது நீளமான ரகம். பெட்டியைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கிறது. எப்படியாவது பொருத்திவிடலாம் என்று நான் அளவு டேப்பை நாலு விதமாகப் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிடித்தாலும் டேப் அதே கணக்கைத்தான் சொன்னது. "இப்படியே இருக்கட்டுங்க, வர்றவங்க துண்டு காயப்போட வசதியா இருக்கும்" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக் கவலைப்பட்டதுதான் மிச்சம்.

மூன்றாவது இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. மின்விசிறி இறக்கைகளுக்கும் தையல் மெஷின் கால்களுக்கும் நடுவில் ஒரு டர்ன்டேபிள், தட்டு இல்லை, மோட்டார் இல்லை, ஆனால் கை மட்டும் முழுசாக இருக்கிறது. நேரான கை. நீளம் அளந்தேன், பொருந்தியது. குண்டு இருந்தது. ஊதினேன், மெல்ல நகர்ந்தது. ஆட்டினேன், அசையவில்லை. ஆசை வந்துவிட்டது, அதோடு விக்கலும் வந்துவிட்டது. கடைக்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கினார்.

"சார், நீங்க தராசு ஆபீசர்தானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூஞ்சி மறந்துபோச்சு. இந்த விக்கல் மறக்கல. பத்தொம்பது வருஷம் முன்னாடி என் மளிகைக் கடையில ஏறி, கல்லு எடை குறையுதுன்னு எழுதறப்ப இதே மாதிரி ஒண்ணு போட்டீங்க. உங்க சோதனைக் கல்லுதான் சார் தப்புன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினீங்களா? அன்னைக்கு முடிவு பண்ணேன், எடை போட்டு விக்கற வியாபாரமே இனி வேணாம்னு. இப்ப பாருங்க, எல்லாம் எண்ணித்தான் விக்கறேன்."

விலை கேட்டேன். கண்ணாடிப் பணத்துக்கு மேலே கால் பங்கு சொன்னார். குறையுங்கள் என்றேன்.

"தாராளமா. அன்னைக்குத் தப்பு உங்க மேலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அக்கா, முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதிய ஒரு அறிக்கையைக்கூட மேலே யாரும் திருத்தியது கிடையாது. அந்த ஊசிக் கையைப் பார்த்தேன். உன் அடிக்கோட்டை நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"சரி, இவ்வளவு தூரம் வந்தீங்களே. அந்தக் கால் பங்கைக் குறைச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து வெற்றியோடு சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி, "இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா பாதி விலைக்கே குடுத்திருப்பாரு. உங்களுக்குத்தான் அது வாயில வராதே" என்கிறாள். கூடப் பிறந்தவள் நீ ஒருத்தி இப்படிப் பேசுவது போதாதா?

மெக்கானிக் கையைப் பொருத்திக் கொடுத்தான். ஊசி தட்டை இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக அழுத்த வேண்டுமாம். உத்தேசமாகத் திருகினால் போதும் என்றான். உத்தேசமாவது! நேரே நகைப் பட்டறைக்குப் போனேன். என் தலையைக் கண்டதும் தட்டார் எழுந்து, தராசுச் சான்றிதழை எடுத்து நீட்டி, "வருஷா வருஷம் புதுப்பிச்சுத்தான் சார் வெச்சிருக்கேன்" என்றார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆயிற்று என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு பாவம், தன் சின்னத் தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஊசியை அதன் மேல் இறக்கி, குண்டை மயிரிழை மயிரிழையாகத் திருகி, ஒன்று புள்ளி எட்டு கிராமில் நிறுத்தினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டாருக்கு எதற்கென்று புரியவில்லை, அவரும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்.

ஆகவே எல்லாம் தயார். அம்மா பூட்டி வைத்திருந்த ரெக்கார்டை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், போடவில்லை. இரு தரப்பும் எதிரில் இருக்கும்போதுதான் சாட்சியை விசாரிக்க வேண்டும். குரல் உன்னுடையது என்றால், ஓடியதும் நீ, கீறியதும் நீ என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையது என்றால், அப்படி ஆகப் போவதில்லை, ஆனாலும் நியாயத்துக்காகச் சொல்கிறேன், கூடத்தின் நடுவில் நின்று அந்தப் பாட்டை நான் தனியாகப் பாடிக் காட்டுகிறேன். ஊசி சரி, எடை சரி. இனிமேல் சாக்குச் சொல்ல உனக்கு வழியில்லை.

அத்தானுக்கு என் வணக்கங்கள். மருமகனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் ஆசிகள். ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்கட்டும். உனக்கு, என்ன இருந்தாலும் மூத்தவள் என்பதால், நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருக்கும். "உங்க அக்கா வந்து உக்காந்தப்புறம் அது மக்கர் பண்ணா மானம் போயிடும், ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு உன் தம்பி பெண்டாட்டி சமையலறைக்குப் போனாள். ஒரு தரப்பு இல்லாமல் விசாரிப்பது முறையில்லைதான். போட்டேன். அக்கா, பன்னிரண்டு பேரும் எதிரில் நின்று பாடுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. இரண்டாவது அடி முடிந்தது. அந்தக் குரல் ஓடியது. நின்றது. யாருடையது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை, அந்த வயதில் எல்லாக் குரலும் ஒரே கீச்சுத்தான். அடுத்து அந்த 'டிக்' வந்தது. உடனே அவள் டம்ளரோடு வந்து நின்றாள். "இந்தாங்க, தண்ணி."

நான் விக்கவே இல்லை அக்கா.

மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்டேன். கீறல் இல்லை, அந்தக் காலத்துக் கனத்த ஊசிகளில் 'டிக்' என்று கேட்டது என் விக்கல்தான். ஏழு வயது, முந்திக்கொண்டு ஓடி, தனியாக மாட்டிக்கொண்டு, பயத்தில் ஒரே ஒரு விக்கல். டீச்சர் கேட்டபோது பதினொரு பேரில் முதலில் உன் பக்கம் திரும்பியவன் யார் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் மறந்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ. அறுபத்தொரு வருஷம் உன்னை வாய்பாடு சொல்ல வைத்திருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

தப்பு என் மேல்தான் இருந்தது. வார்த்தை வந்துவிட்டது பார். காலையில் அந்தப் பழைய சாமான் கடைக்கும் போய் அதையே சொல்லிவிட்டு வருகிறேன், விலை குறைக்கச் சொல்லி அல்ல. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் பதினேழாம் தேதி வா. சொன்ன சொல்படி கூடத்தின் நடுவில் நின்று பாடுகிறேன், ஆனால் இரண்டாவது அடி முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அங்கிருந்து நீ எடு. எவ்வளவு அவசரமாக வேண்டுமானாலும் எடு, நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன். டம்ளரைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.