கேள்வி இல்லைங்க, ஒரு சின்னக் கருத்து

கூட்டங்களில் கை தூக்குகிறவர்கள் இரண்டு வகை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கை தூக்குகிறவர்கள் முதல் வகை. அவர்கள் நல்லவர்கள், அவர்களை விட்டுவிடுவோம். கேள்வி கேட்பதுபோல எழுந்து, தொண்டையைச் செருமி, பதில் சொல்லத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் வகை. நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றித்தான். இவர்கள் இல்லாத ஊர் கிடையாது, நூலகம் கிடையாது, பெற்றோர் கூட்டம் கிடையாது. ஆனால் தரையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பொறுக்க முடியாமல் போனால் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டலாம். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த கப்பலில் எங்கே போவீர்கள்?

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்கிறீர்களா? பெரிய பயணிகள் கப்பல் ஒன்றில் பதினாறு வருடமாக மைக் நீட்டுகிறவன். கரை தெரியாத நாட்களில் பயணிகளுக்குப் பொழுது போகவேண்டும் என்பதற்காக எங்கள் கப்பலில் அறிவுரைகள் நடக்கும். மன்னிக்கவும், அறிவு உரைகள். திமிங்கிலம் பற்றி ஒருவர், பழைய கப்பல்கள் பற்றி ஒருவர், விண்மீன்கள் பற்றி ஒருவர் என்று வெளியாட்கள் வந்து பேசுவார்கள். பேசுகிறவருக்கு ஜன்னல் இல்லாத அறை ஒன்றும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. காலை பத்து மணிக்கு நடன அரங்கில் பேச்சு ஆரம்பம். பதினொன்றுக்கு அதே அரங்கில் நடன வகுப்பு. பத்து ஐம்பத்தைந்துக்கே நடன ஆசிரியர் பளபளக்கும் காலணியோடு வாசலில் வந்து நின்றுவிடுவார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தாத அறிஞரை நான் இதுவரை கண்டதில்லை.

இரண்டாம் வகையின் உத்தமமான உருப்படி ஒருவர் போன பயணத்தில் வந்தார். மின்சார மீட்டர் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஒரு வீட்டு மீட்டராவது சரியாக ஓடியதாக அவர் வாழ்நாளில் எழுதியதில்லையாம். அதை அவரே பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு முறை எழும்போதும் "கேள்வி இல்லைங்க, ஒரு சின்னக் கருத்து" என்று தொடங்குவதால் ஊழியர்கள் நாங்கள் அவருக்குச் சின்னக் கருத்து என்றே பேர் வைத்துவிட்டோம்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். பேச்சு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போதே முன்வரிசை ஓரத்து நாற்காலியில் இருப்பார், ஏனென்றால் அங்கேதான் மைக் முதலில் வரும். மடியில் குறிப்பேடு. அதில் பேச்சாளர் சொல்வதை எழுதமாட்டார். பேச்சாளர் சொல்லாமல் விட்டதை எழுதுவார். பேச்சு முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில். கையில் மைக் கிடைத்ததும் இரண்டு விரலால் தட்டி, "கேக்குதா?" என்பார். கேட்கும் என்று பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். அப்புறம் திரும்பி நின்றுகொள்வார், பேச்சாளருக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி. பிறகு ஆரம்பிப்பார் பாருங்கள், தான் படித்தது, தன் மைத்துனன் பார்த்தது, முப்பது வருடத்துக்கு முன்னால் தன்னோடு ரயிலில் வந்த ஒருவர் சொன்னது, அதை இன்றைய பேச்சாளர் எப்படிக் கோட்டைவிட்டார் என்பது, கோட்டைவிட்டாலும் முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும் என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "இதுபத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று முடிப்பார். எதைப் பற்றி? அது அவருக்கே தெரியாது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். மடியில் கைப்பை, கைப்பைமேல் இரண்டு கைகள். அந்த அம்மாள் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

அந்தப் பயணத்துக்குப் பேச வந்தவர் ஒரு பூகோள டீச்சர். இருபத்திரண்டு வருடம் பார்த்த பள்ளிக்கூட வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இதுதான் இனி என் பிழைப்பு என்று தன் அக்காவையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறியிருந்தார். அவருக்குக் கிடைத்தது சோதனைப் பயணம். மொத்தம் மூன்று பேச்சு. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் அறைக்கு ஒன்று என்று அறை எண் போட்ட மதிப்பெண் அட்டை கொடுப்போம். ஐந்துக்கு எத்தனை என்று போட்டு, கீழே கருத்து எழுதி, பெட்டியில் போடவேண்டும். மூன்று பேச்சுக்கும் சேர்த்துச் சராசரி நாலுக்குக் குறையாமல் இருந்தால் வருடம் முழுவதும் வேலை. குறைந்தால் பயணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போகவேண்டியதுதான். நிகழ்ச்சி மேலாளர் இதில் ஈவிரக்கம் பார்க்காத ஆள்.

டீச்சர் நன்றாகப் பேசினார், அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். திமிங்கிலக்காரரின் பேச்சில் நின்றுகொண்டே தூங்கியவன் நான். டீச்சர் பேச்சில் கடல் நீரோட்டம் எப்படித் திரும்புகிறது என்று எனக்கே புரிந்தது. ஒரே ஒரு தப்புதான் செய்தார். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், முதல் நாளே, "சந்தேகம் வந்தா கடைசிவரைக்கும் காத்திருக்க வேணாம், நடுவுலயே கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசை ஓரத்தில் கை எழுந்தது.

முதல் பேச்சில் பதினோரு முறை. நீரோட்டம் என்றால் அவர் மின்னோட்டம் என்றார், இரண்டும் ஒன்றுதான் என்றார், கூட்டம் நெளிந்தது. டீச்சர் வைத்திருந்த நாற்பது படங்களில் இருபத்தாறுதான் திரையில் வந்தன. வாசலில் காலணி பளபளத்தது. அட்டைகளை எண்ணினால் நாலுக்குக் கொஞ்சம் கீழே. "பேச்சாளருக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லை" என்று ஒரு அட்டை சொன்னது. யார் எழுத்து என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"நாளைக்கு அவர்கிட்ட மைக்கைக் கொடுக்காதீங்களேன்" என்று டீச்சரின் அக்கா என்னைக் கெஞ்சினார்.

"கொடுக்கலைன்னா மைக் இல்லாமலே பேசுவாரும்மா. அது இன்னும் நீளம்" என்றேன்.

இரண்டாம் பேச்சு, கடலில் மணி பார்ப்பது எப்படி என்பது. கப்பல் போகப்போக ஊருக்கு ஊர் மணி மாறும், ஆனால் கப்பலுக்குள் ஒரே மணிதான், அதைக் கேப்டன் சொன்னால்தான் மாற்றலாம் என்று டீச்சர் விளக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் நாங்கள் நிற்கப்போகும் துறைமுகத்தில் ஊர் மணி கப்பல் மணியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பயணிகள் கடிகாரத்தை மாற்றக்கூடாது, கப்பல் மணிப்படி நாலுக்குள் ஏறிவிடவேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போட்டு, எல்லாரும் மனதில் கொண்டுபோகட்டும் என்று கடைசிப் படமாக வைத்திருந்தார், பாவம்.

கை எழுந்தது.

"கேள்வி இல்லைங்க, ஒரு சின்னக் கருத்து. கப்பல் மணின்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"சார், அது ஒரு ஏற்பாடு..." என்றார் டீச்சர்.

"ஏற்பாடு வேற, உண்மை வேற. சூரியன் எந்த ஊர்ல நிக்குதோ அந்த ஊர் மணிதான் உண்மையான மணி. மீட்டருக்கு நான் பொய் சொல்லலாமா? சூரியன்தாங்க மீட்டர்!"

அங்கே தொடங்கியது. சூரியன், நிழல், பழைய மணிக்கூண்டுகள், தன் அலுவலகச் சுவர்க்கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடியதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியது என்று பதினெட்டு நிமிடம் ஓடியது. டீச்சர் இரண்டு முறை, "கடைசியா ஒரே ஒரு முக்கியமான விஷயம்" என்று வாயைத் திறந்தார். இரண்டு முறையும் சின்னக் கருத்து கையமர்த்தினார். பிறகு வாசலில் காலணி. நான் மைக்கை அணைத்தேன், திரையும் அணைந்தது, கடைசிப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றைய சராசரி இன்னும் சறுக்கியது. சின்னக் கருத்து போட்டது இரண்டு. கீழே எழுதியிருந்தது: "நடைமுறைக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை."

எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையைக் கடலில் போட்டிருப்பேன். மேலாளர் ஏற்கனவே எண்ணிவிட்டிருந்தார். டீச்சர் மேடை ஓரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷம் கிளாஸ் எடுத்தேன் தம்பி, ஒரு பையனை உக்காருன்னு சொல்ல எனக்குத் தெரியாதா? இவரைச் சொல்ல வாய் வரலையே" என்றார். கண் கலங்கியிருந்தது. கடைசிப் பேச்சு பிரமாதமாக அமைந்தால்தான் உண்டு.

மறுநாள் துறைமுகம். மணி பற்றிய எச்சரிக்கையை அன்றாடத் தாளிலும் போட்டுத்தான் ஒவ்வொரு அறைக் கதவுக்கடியிலும் தள்ளியிருந்தோம். மற்றவர்கள் அதைப் படித்தார்கள். சின்னக் கருத்தும் படித்தார். சிவப்புப் பேனாவோடு படிப்பது அவர் வழக்கம். "கப்பல் மணியையே பின்பற்றவும்" என்ற வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் "தவறு" என்று எழுதி, தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, மனைவியோடு இறங்கிப்போனார். ஊருக்குள் மணிக்கூண்டைப் பார்த்து வாட்சை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொண்டார். அங்கே ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டி ஒருவர் மணிக்கூண்டின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்னக் கருத்து இருந்திருக்கிறது. கால் வலித்த அம்மாள் நின்று பார்த்துவிட்டு, தனியாக நடந்து கப்பலுக்கு வந்துவிட்டார்.

கப்பல் மணி நாலு ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. பேரைச் சொல்லி மூன்று முறை ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன். அவருடைய பாஸ்போர்ட்டைத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டு, நாலரைக்கு ஏணியை இழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் விழுந்த பிறகு அவர் வந்தார். ஓடி வரவில்லை, கையில் ஏதோ பொட்டலத்தோடு ஆற அமர நடந்து வந்தார். கப்பல் நகர்வதைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடி கப்பலைப் பார்த்தார். பிறகு வலது கையை உயரத் தூக்கினார், அரங்கில் தூக்குவாரே, அதேபோல. நம்பமாட்டீர்கள், என் கை தானாக இடுப்பில் மைக்கைத் தேடியது.

கம்பிப்பிடி ஓரத்தில் அம்மாள் நின்றிருந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கீழ நிக்கிறாரு."

"தெரியுது தம்பி."

"பதற்றப்படாதீங்க. முகவர் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வச்சிடுவாரு. ரெண்டு நாள்தான்."

"எனக்கென்ன பதற்றம்? மாத்திரை அவர் பையிலயே இருக்கு. ஸ்வெட்டரும் போட்டிருக்காரு." அம்மாள் தன் வாட்சைப் பார்த்துக்கொண்டார். "அவர் வாட்ச்ல இன்னும் அரை மணி நேரம் இருக்குது தம்பி. தப்பு நம்ம மேலதான்னு சொல்லுவாரு."

அடுத்த நாள் கடல். டீச்சரின் மூன்றாம் பேச்சு, கடலுக்கடியில் இருக்கும் மலைகள் பற்றி. முன்வரிசை ஓரத்து நாற்காலி காலி. டீச்சர் பழக்கதோஷத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். கை எழவில்லை. ஒரு மலை, இன்னொரு மலை, நெருப்புக் கக்கும் மலை என்று நாற்பது படமும் வந்தன. கடைசியில், 'இத்தனை தூரம் என்னோடு வந்ததற்கு நன்றி' என்று ஒரு படம் இருந்தது. முதல் பேச்சிலும் அது இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியாது. முதல்முறையாக நாலைந்து பேர் கை தூக்கிக் கேள்வி கேட்டார்கள். நிஜமான கேள்வி, ஒவ்வொன்றும் ஒரே வரி. வாசலில் நின்ற நடன ஆசிரியர்கூடக் காலணியை மறந்து, "அந்த மலை இன்னும் வளருதா?" என்று கேட்டார்.

அன்று மாலை அட்டைகளை நானும் உட்கார்ந்து எண்ணினேன். கூட்டிப் பார்த்தால் மூன்று பேச்சின் சராசரி நாலுக்குமேல் ஒரு நூலிழை. எந்த ஒரு அட்டையில் இரண்டு என்று விழுந்திருந்தாலும் கீழே போயிருக்கும். சின்னக் கருத்து அறையின் அட்டையைத் தேடி எடுத்தேன். ஐந்து. அதுவரை நான் பார்த்திராத கையெழுத்தில், சின்னச் சின்ன எழுத்தாக ஒரு வரி:

"இன்றைக்குத்தான் கடைசிவரை கேட்க முடிந்தது."

இரண்டு நாள் கழித்து மனிதர் அடுத்த துறைமுகத்தில் ஏறினார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? முகவரின் வண்டி எந்தெந்த இடத்தில் தப்பான பாதையில் போனது என்று ஏணிப்படியிலேயே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். அறிவிப்புப் பலகையில் டீச்சருக்கு ஒரு வருட வேலை உறுதியான செய்தியைப் பார்த்ததும் நின்றார்.

"மூணாவது பேச்சுக்கு நான் இல்லையே. நம்ம அறை அட்டையை யார் போட்டது?"

அம்மாள் கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தாங்க. ஒரு சின்னக் கருத்து எழுதினேன்."

அவர் வலது கை பாதி வரை எழுந்தது. அப்புறம் அதுவாகவே இறங்கி, அம்மாளின் கைப்பையை வாங்கிக்கொண்டது.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில், ஊர் மணி பின்தங்கியது என்று நான் சொன்ன இடத்தில், முந்தியதா பின்தங்கியதா என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? மூன்று பேச்சின் சராசரி சரியாக வருகிறதா என்று தாளை எடுத்தவர்களும் உண்டு. வாய் வரைக்கும் ஒரு கருத்து வந்து நிற்கிறது, சின்னதுதான், இல்லையா? சொல்லுங்கள், மைக் இதோ இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இத்தனை வருடமாக உங்கள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.