ரிட்டன் அண்ணனும் என் கிட்டாரும்

தன் கடைக்குப் பார்சல் வந்தால் முகம் சுளிக்கிற கூரியர்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் புதுக்கோட்டையில், எங்கள் மூன்றாம் வீதியில், என் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறார். இன்னொருவர் இருப்பதாக யாராவது நிரூபித்தால் நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வீதியில் யாருக்கும் அது தெரியாது. ரிட்டன் அண்ணன் என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். ஆள் மணமேல்குடிக்காரர். துபாயில் ஏதோ ஒரு குடோனில் பல வருஷம் காவல் பார்த்துவிட்டு வந்தவர். "அங்க ஜனங்க சாமானா வாங்கிக் குவிச்சு, வீட்ல வைக்க எடமில்லாம, தனியா வாடகைக்கு எடம் புடிச்சுப் போட்டுருப்பாங்க தங்கச்சி. பாதிச் சாமான் பிரிக்கவே இல்ல. அதுக்கு நான் காவல்" என்பார். அப்படி மனசு வெறுத்து ஊர் திரும்பிய மனிதர் போயும் போயும் கூரியர் கடை வைத்திருக்க வேண்டாம்.

அவரிடம் பார்சல் வாங்கப் போனால் கையெழுத்துப் போடப் பேனா வராது, உட்கார ஸ்டூல் வரும். உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பம். "என்ன ஆர்டர் போட்டீங்க? எதுக்கு? இது இல்லாம நேத்து வரைக்கும் எப்புடி இருந்தீங்க?" எல்லாம் கேட்டு முடித்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ தப்புத்தண்டாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி, "திருப்பி அனுப்பிருவோமா?" என்பார்.

ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே நடக்கிற மிஷின் வாங்கினார். அண்ணன் அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சார், பேப்பர் வாங்க தெனம் நடந்து போறீங்களா, வண்டியில போறீங்களா?"

"வண்டியிலதான்."

"அப்ப இதுல துணிதான் காயும்."

மிஷின் திரும்பிப் போய்விட்டது. ஹெட்மாஸ்டர் கொதித்துப்போனார். அன்று முதல் தினமும் காலையில் கடை வரைக்கும் நடந்து வந்து அண்ணனைத் திட்டிவிட்டுப் போகிறார். உடம்பு நன்றாக இளைத்திருக்கிறது.

நட்சத்திரம் பார்க்கக் குழாய் வாங்கியவரிடம், "நீங்க ஒம்பது மணிக்கே தூங்கிருவீங்களே" என்றார். கல்யாணத்துக்கு ஷெர்வானி வாங்கிய மாப்பிள்ளையிடம், "குதிரையும் ஆர்டர் போட்டுருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இந்தக் கடையிலிருந்து மட்டும் ஏன் இவ்வளவு திரும்பி வருகிறது என்று விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அண்ணன் அவருக்கும் ஸ்டூல் போட்டார். "கையில என்ன சார் கட்டியிருக்கீங்க?" "எத்தன அடி நடந்தோம்னு காட்டும்." "நடந்தீங்களா?" அதிகாரி வாட்சைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டு, வந்த வேலையை மறந்து கிளம்பிவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு நாள் நான் மாட்டினேன்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. காலையில் டிபன் கட்டும்போது அடுப்படியில் நின்று பாடுவேன். ஆபீஸ் விழா என்றால் இறைவணக்கம் நான்தான். போன வருஷம் தைராய்டுக்காகக் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சுக்கும் ஒன்றுமில்லை. பாட மட்டும் குரல் மேலே ஏற மறுத்துவிட்டது. இனி ஏறாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சோறு வடிக்கிற நேரத்தில் வாய் தானாகத் திறக்கும். பாதியில் குரல் உடையும். வாயை மூடிக்கொள்வேன். குக்கர் சத்தம் மட்டும் கேட்கிற அடுப்படி எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் தெரிந்தது.

குரல் போனால் என்ன, விரல் இருக்கிறதே என்று ஒரு நாள் தோன்றியது. வீணைக்குச் சம்மணம் போட என் முட்டி சம்மதிக்காது. ஹார்மோனியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே வைத்துக் கொன்றுகொண்டிருக்கிறார். மிச்சம் கிட்டார். அதையும் சாதாரணமாக வாங்க எனக்கு மனசில்லை. கொடைக்கானல் பக்கம் ஒருவர், வாசிப்பவர் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகக் கையாலேயே இழைத்துச் செய்கிறார் என்று செல்போனில் பார்த்தேன். என் கை சின்னக் கை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல ஒன்று வந்துவிட்டால் பாட்டும் கூடவே வந்துவிடும் என்று நம்பினேன். "வாங்கிக்க. வாசிக்காட்டியும் ஹால்ல நின்னா அழகாத்தான் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அது எனக்குச் சுருக்கென்றது. கட்டாயம் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

கையை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார் அந்தக் கிட்டார்க்காரர். வரைந்து, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கவரில் போட்டு, எதிர்க் கடைக்குப் போனேன்.

"உள்ள என்ன தங்கச்சி?"

"என் கை" என்றேன்.

ஸ்டூல் வந்தது. கதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாளை உருவிப் பார்த்தார். "இது சோத்துக் கையில்ல? கிட்டாரோட கழுத்தப் புடிக்கிறது பீச்சாங் கைதான? டிவியில பாத்துருக்கேனே."

"நல்ல காரியத்துக்கு எப்புடிண்ணே எடது கைய அனுப்புறது?" என்றேன்.

அண்ணன் என் போனை வாங்கிக் கொடைக்கானலுக்கே போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கழுத்து மெலிதாக வேண்டுமா, தடியாக வேண்டுமா? கம்பி தாழ்ந்து இருக்கலாமா, கொஞ்சம் தூக்கி வைக்கலாமா? விரலால் மீட்டுவீர்களா, பிளாஸ்டிக் வில்லையால் அடிப்பீர்களா? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "நீங்களே பாத்துச் செய்ங்க சார்" என்றேன். "வாசிக்கப் போறது நீங்கதானே மேடம்" என்றார் அவர். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்துவிட்டோம்.

"தோசையே தின்னாத ஆளுகிட்ட முறுகலா வேணுமா, ஊத்தப்பமா வேணுமான்னு கேட்டா அவரு என்னத்தச் சொல்லுவாரு?" என்றார் அண்ணன். கவரை என் பக்கமே தள்ளினார். "இந்தக் கை இன்னும் கிட்டாரத் தொடவே இல்ல. தொட்டுட்டு வரட்டும். அப்புறம் அனுப்புவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வருகிற பார்சலைத் திருப்புகிறவர் போகிற தபாலையும் திருப்பினால் அந்தக் கடைக்கு என்னதான் வேலை? "நல்லதா வாங்குனாத்தான் ஒழுங்காக் கத்துக்குவேன். சாதாரணத்த வாங்கிக் கைக்கு ஒத்து வரலன்னா அதோட விட்டுருவேன். பாட்டும் போச்சு, இதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?" என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தமும் பாதியில் உடைந்தது. அண்ணன் கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க, வாரேன்" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்கூட்டர் என் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில், பழைய வேட்டியில் சுற்றி, ஆள் உட்கார்ந்திருப்பது போல ஒரு கிட்டார்.

விஷயம் இதுதான். இந்த வட்டாரத்தில் யார் யார் கிட்டார் வாங்கினார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. வந்தபோது ஒவ்வொருவரிடமும் திருப்பி அனுப்பச் சொல்லித் தோற்றவர் அல்லவா? தோற்றதை அவர் மறக்கவே மாட்டார். அத்தனையும் இப்போது கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் தூங்குகின்றன என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். "தூங்குறத எழுப்பி ஒண்ணொண்ணா வாசிச்சுப் பாருங்க. எது ஒத்து வருதுன்னு கை சொல்லும்" என்றார்.

முதலில் வந்தது வல்லத்திராக்கோட்டைக் கிட்டார். அதை வாங்கிய பையன் சிங்கப்பூர் போய்விட்டான். அவன் ஆத்தா அதைப் பயறு மூட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளேயிருந்து பச்சைப்பயறு சலங்கை போலக் குலுங்கியது. கவிழ்த்து உலுக்கியதில் ஒரு வேளைச் சுண்டலுக்குத் தேறியது. வயிறு பெருத்த கிட்டார் அது. மூட்டையைக் கட்டிப் பிடித்தது போல என் தோள் கடுத்தது. எனக்குச் சின்ன உடம்பு வேண்டும் என்று முதல் பாடம் கிடைத்தது.

அடுத்தது அண்ணனின் சொந்த ஊரான மணமேல்குடியிலிருந்து, ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. கடல்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. புதுக் கம்பி மாட்டிய பிறகும் அது கொடிக்கயிறு போல உயரத்தில் நின்றது. அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் கன்றிப்போனது. ஒரு வாரம் ரசம் சாதம் பிசையும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. கம்பி தாழ்ந்து இருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். நான் படுகிற பாட்டைக் கேள்விப்பட்ட ஐஸ் கம்பெனிக்காரரின் மகன், "அந்தம்மாவே வாசிக்குதா?" என்று ரோஷப்பட்டு வந்து கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். இப்போது அவனும் வாசிக்கிறான். "ஒரு ரிட்டன்ல ரெண்டு பேரு பொழைச்சீங்க" என்று அண்ணன் வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மூன்றாவதாக ஒரு பல் டாக்டரம்மாவின் கிட்டார். சின்ன உடம்பு, தாழ்ந்த கம்பி. கழுத்துதான் இன்னும் ஒரு நூல் அகலமாக இருக்கலாம், விரல்கள் ஒன்றை ஒன்று இடித்தன. ஆனால் அதை மடியில் வைத்தால் எனக்கு இறக்க மனசு வரவில்லை. செல்போனில் ஒரு பையன் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆபீஸ் விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். எப்படி இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டால், "எனக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாது தங்கச்சி. நேத்தைய விட இன்னைக்கு அங்கிட்டுத் தெருநாய் கம்மியாத்தான் கொலைச்சுச்சு" என்பார். ஒரு நாள் நாய் குரைக்கவே இல்லை. நான் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அன்று வாசித்தது, எப்போதும் அடுப்படியில் பாடுவேனே, அதே பாட்டு. குரல் ஏறாத இடத்தில் விரல் ஏறிப் போய்விட்டு இறங்கி வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கடைக்குப் போய், "அண்ணே, டாக்டரம்மாகிட்டயே கேட்டு இதையே வாங்கிக்கிறேன். புதுசு வேணாம், இதுவே போதும்" என்றேன்.

அண்ணன் ஸ்டூலைப் போட்டார். "இப்ப புதுசு வாங்குங்க" என்றார்.

அவர் வாயில் 'வாங்குங்க' என்ற சொல் வந்து மூன்றாம் வீதி கேட்டதில்லை. வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர்கூட நிறுத்திவிட்டார்.

"நீங்கதான வேணாம்னீங்க?"

"அன்னைக்கு வாங்கியிருந்தா அதுதான் ஒங்கள வாசிக்க வைக்கணும். இன்னைக்கு அது இல்லாட்டியும் வாசிப்பீங்க. இனிமே வாங்குனா அது தூங்காது" என்றார். அவரே கொடைக்கானலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த மனிதர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். உடம்பு சின்னதாக, கம்பி தாழ்வாக, கழுத்து ஒரு நூல் அகலமாக, விரலால்தான் மீட்டுவேன். பொதுத் தேர்வில் மகள் மார்க் வாங்கியது போல அண்ணன் கடையில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கல்லாப் பலகையிலேயே தாளை விரித்து, இடது கையை வைத்து வரைந்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவத் தவறவில்லை. அவர் அதைக் கவரில் போட்டு, 'அவசரம்' என்ற சிவப்பு ஸ்டிக்கரை மூன்று இடத்தில் ஒட்டினார்.

மாதங்கள் ஓடின. போன மாசி மாதம் நீளமான ஒரு பெட்டி வந்தது. எல்லோரையும் கடைக்கு வரவழைக்கிறவர், அன்று கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வீதியைக் கடந்து வந்தார். ஸ்டூலும் வரவில்லை, விசாரணையும் இல்லை. நேராகப் பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏண்ணே எனக்காக இம்புட்டு அலைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைச் சட்டைப் பையில் சொருகியபடி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில நீங்க பாடுவீங்கள்ல. அது காதுல விழுந்தாத்தான் நான் ஷட்டரத் தூக்குவேன். மணியெல்லாம் பாத்ததே இல்ல. ஒங்களுக்கு ஆபரேசன் ஆனதுலேருந்து கடை தெறக்கவே லேட்டாகுது. ஆளுக வந்து திட்டுறாங்க." சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்பதாக வேகமாகப் போய்விட்டார். கடையில் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலையில் டிபனைக் கட்டி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, புதுக் கிட்டாரை மடியில் எடுத்து அந்தப் பாட்டை வாசித்தேன். பாதி ஓடியிருக்கும். எதிரே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. கம்பியைத் தடவித் தடவி மீதியை முடித்தேன்.

அன்றிலிருந்து ஜுரம் அடித்தாலும் சரி, வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சரி, காலையில் வாசித்துவிட்டுத்தான் மறு வேலை. அண்ணன் கடை திறக்க நேரமாகிவிடக் கூடாது.