ஊமைப் பருந்துக்குத் துக்கம்

"பேர் கிடையாது, ஊர் கிடையாது, தொழில் கிடையாது. இவன் ஆளா, ஆவியாப்பா?"

"ஆள்தான் பாஷா. பேசமாட்டார், அவ்வளவுதான்."

"சண்டை போடத் தெரியுது, நாலு கட்டம் நிரப்பத் தெரியலையா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவு வரணும் ராகிப். இல்லன்னா அவனும் வேணாம், நீயும் வேணாம்."

ஷவ்கி போனை வைத்துவிட்டார். இஸ்மாயிலியாவில் பல் பிடுங்குகிறவர் அவர். கைப்பேசி விளையாட்டில் 'கால்வாய்ச் சிங்கங்கள்' கூட்டணிக்குப் பாஷா, அதாவது தலைவர். போர்ட் சயீதிலிருக்கும் ராகிப் அதன் பதிவு அமைச்சர். கூட்டணிப் பக்கத்தில் பதிவு செய்யாமலே விளையாடுகிறவர்களைத் துரத்திப் பிடித்து, பேர், ஊர், தொழில், குடும்பம் எழுதி வைப்பது அவன் பொறுப்பு. துறைமுக அலுவலகத்தில் தாள்களுக்கு முத்திரை குத்துகிற அவனை "ஏய் முத்திரை" என்றுதான் கூப்பிடுவார்கள். அமைச்சர் என்று கூப்பிட உலகத்தில் இந்த ஓரிடம்தான் உண்டு. அதை விட அவனுக்கு மனசில்லை.

எல்லாரையும் பிடித்தாயிற்று. ஊமைப் பருந்து மட்டும் பாக்கி. வடக்குக் கோட்டையைத் தனியாளாகக் காக்கிற வீரர். செய்தி அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்.

கடைசியில் ராகிப்பே நிரப்பினான். ஹாஜி மித்வல்லி. தமன்ஹூர். ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி மக்கள் இல்லை.

மை காய்வதற்குள் என்பார்களே, அப்படிப் பாஷா மறுபடி கூப்பிட்டார்.

"தமன்ஹூரா? என் மாமனார் ஊராச்சேப்பா. ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போட போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அவருக்கு உடம்பு முடியல பாஷா. ஆஸ்பத்திரியில இருக்கார்."

"எந்த ஆஸ்பத்திரி? அங்க பாதி டாக்டருங்க என்கூடப் படிச்சவங்க."

"இனி போய்ப் பிரயோஜனமில்ல பாஷா," என்றான் ராகிப். "இப்பத்தான் தகவல் வந்துச்சு. போய்ச் சேர்ந்துட்டாராம்."

மறுமுனையில் பாஷா விசும்பினார்.

"யாரு போயிட்டது?" என்றாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த இன்சாஃப்.

"யாருமில்ல."

"யாருமில்லாததுக்கா என் புருஷனுக்கு இப்படி வேர்க்குது?"

கூட்டணியே கலங்கிப்போயிற்று. குடும்பமில்லாத மனுஷன், துக்கம் கேட்க ஒரு பந்தல்கூட இல்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? செத்தவரைத் தெரிந்தவன் ராகிப் ஒருவன்தான். ஆகவே பந்தல் அவன் வீட்டு வாசலில் என்று முடிவாயிற்று. அவன் வாயைத் திறப்பதற்குள் நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன.

"அமைச்சர் வேலையில இதெல்லாம் உண்டா?" என்றாள் இன்சாஃப்.

"நீ கறுப்பு உடுத்திக்கிட்டு ஜன்னல்ல நில்லு, போதும்."

"முகம் தெரியாத ஆளுக்கு நான் எப்படி அழறது?"

'எனக்கும் தெரியாதே' என்று நுனிநாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினான் ராகிப்.

சாயங்காலம் சிங்கங்கள் வரிசையாக வந்தன. இஸ்மாயிலியாவிலிருந்து பாஷா, சூயஸிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் ராகிப்பின் கையைப் பிடித்து, "அவரோட மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்" என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பந்தல்காரன் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியை வாய் திறக்காமல் நீட்டிக்கொண்டு போனான்.

அப்போது எல்லார் சட்டைப்பையும் ஒன்றாக நடுங்கியது.

'ஊமைப் பருந்து வடக்குக் கோட்டைக்குள் நுழைந்தது.'

காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"ஏம்ப்பா அமைச்சரே," என்றார் ஷவ்கி, மெதுவாக. "செத்தவர் எப்படிக் கோட்டைக்குள்ள போறார்?"

"வாரிசு யாராவது விளையாடறாங்களோ என்னவோ பாஷா."

"மனைவி மக்கள் இல்லன்னு நீதானே எழுதின?"

"அப்ப கணக்கை எவனோ திருடிட்டான்."

"திருடினவன் நமக்காக ஏன்ப்பா சண்டை போடறான்? போதும். எழுந்திரு. இனி நீ அமைச்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ராகிப் எழுந்தான். பாஷாவுக்கும் அவனுக்கும் நடுவே, ஒரு கையில் தட்டும் மறு கையில் கைப்பேசியுமாக, பந்தல்காரன் வந்து நின்றான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. பதிவுல தொழில்னு கேட்டிருந்தீங்க, சாவு வீட்டுல காப்பி ஊத்தறேன்னு எழுதக் கூச்சமா இருந்துச்சு. அது கிடக்கட்டும், கோட்டைச் சண்டை இன்னும் முடியல, போன் அணையப் போகுது. யார்கிட்டயாவது சார்ஜர் இருந்தாக் கொஞ்சம் குடுங்களேன்?"